முகப்பை மட்டும் போடாதீர்கள்
வாசகர் கேள்வி - பதில்: பழைய சோல் இசைத்தட்டுகளும் அவற்றின் அட்டைகளும்

அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலும் மெம்பிஸிலும் 1960, 70-களில் உருவான சோல் (கறுப்பின மக்களின் பாட்டிசை) தட்டுகளைச் சேர்ப்பவர்கள், அவற்றின் அட்டைகளை இணையத்தில் பகிர்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பாதிக்கு மேல் ஸ்கேனர் புலம்பல். அதிலிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஏ4 ஸ்கேனர். எல்.பி. (முழு ஆல்பம் கொண்ட பெரிய தட்டு) அட்டையை நான்கு துண்டாக எடுத்து ஒட்டினால் ஒட்டு தெரிகிறது. நிறமும் துண்டுக்குத் துண்டு மாறுகிறது. ஏ3 வாங்கிவிடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: அவசரப்பட வேண்டாம். எல்.பி. அட்டை ஏறக்குறைய 31.5 செ.மீ. சதுரம். ஏ3 கண்ணாடியின் அகலம் 29.7 செ.மீ.தான். அவ்வளவு பணம் கொடுத்த பிறகும் கிட்டத்தட்ட 2 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு துண்டு இரண்டு துண்டாகும், ஒட்டு வேலை போகாது.

நிறம் மாறுவதற்குக் காரணம் ஸ்கேனரின் 'ஆட்டோ' வசதி. கறுப்பு அதிகமுள்ள மூலையைக் கண்டால் வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளை மூலையில் குறைக்கும். தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி நிறத்திருத்தம், ஷார்ப்பன் மூன்றையும் அணைத்துவிட்டு, நான்கு துண்டுக்கும் ஒரே அளவை வையுங்கள்.

அடுத்து மூடியைக் கழற்றுங்கள். பல ஸ்கேனர்களில் கீலை நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். அட்டையைத் தலைகீழாகத் திருப்பாமல் நகர்த்தி நகர்த்தியே எடுங்கள். விளக்கு ஒரு பக்கமிருந்து அடிப்பதால், திருப்பி வைத்த துண்டில் மடிப்புகளின் நிழல் எதிர்ப்பக்கம் விழும். எந்த மென்பொருளும் அந்த ஒட்டை மறைக்காது. துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று 4 செ.மீ.யாவது ஏறியிருக்கட்டும். ஒட்டுவதற்கு ஹூகின் என்ற இலவச மென்பொருள் போதும்.

இன்னொரு வில்லன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் விளிம்பு. அது ஒரு மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலும் அட்டை அதன்மேல் ஏறிக் கண்ணாடியை விட்டு எழும்பும். மெல்லிய, யு.எஸ்.பி. கம்பியிலேயே மின்சாரம் எடுக்கும் ஸ்கேனர்கள் சி.ஐ.எஸ். வகை. கண்ணாடியைத் தொடாததெல்லாம் அவற்றில் மங்கிவிடும். சி.சி.டி. வகை சற்றுத் தள்ளியிருப்பதையும் தெளிவாக எடுக்கும். வாங்குவதாக இருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள், அளவைப் பார்த்து வாங்காதீர்கள்.

ஸ்கேன் செய்யும்முன் தட்டை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே தட்டோடு அழுத்தினால் அட்டை நடுவில் புடைக்கும். ஏற்கெனவே இருக்கும் வட்டத் தேய்மானம் இன்னும் ஆழமாகும்.

கேள்வி: 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்த படத்தில் முகத்தின் மேல் பட்டுப்புடவை போல அலையலையாகக் கோடுகள். ஸ்கேனர் பழுதா? (திருச்சி வாசகர்)

பதில்: பழுதில்லை. அச்சில் முகம் என்பது மைப்புள்ளிகளின் வரிசை. அந்த வரிசையும் ஸ்கேனரின் புள்ளி வரிசையும் ஒன்றுக்கொன்று மோதுவதால் வரும் அலை அது. 'மோரே' என்பார்கள். 600 டி.பி.ஐ.யில் எடுங்கள். முழு அட்டை ஏறக்குறைய 7,440 பிக்சல் சதுரம் வரும், சுருக்கப்படாத டிஃப் கோப்பாக 160 எம்.பி.யைத் தாண்டும். அதை அப்படியே சேமித்துவிட்டு, நகலில் லேசாக மங்கலாக்கி, பிறகு சிறிதாக்குங்கள். இணையத்துக்கு 1,500 பிக்சல் ஜேபெக் தாராளம். நிற வகை எஸ்.ஆர்.ஜி.பி.யாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மற்றவர் திரையில் சிவப்பு வெளுக்கும்.

அச்சுப்புள்ளிகளைக் கரைக்கும் 'டீஸ்கிரீன்' பொத்தான் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அவசரத்துக்கு உதவும். ஆனால் பொடி எழுத்துகளையும் சேர்த்துக் குழைத்துவிடும். பின்னட்டைக்கு அதைத் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: ஸ்கேனர் வேண்டாம், கைபேசியில் எடுக்கிறேன். பளபளப்பான அட்டைகளில் விளக்கு தெரிகிறது, சதுரம் கோணலாகிறது. (கோலாலம்பூர் வாசகர்)

பதில்: கோணலுக்கு மருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அட்டை வைக்கப்போகும் இடத்தில் கண்ணாடியைப் படுக்க வையுங்கள். திரையின் நட்டநடுவில் உங்கள் லென்ஸின் பிம்பம் தெரியும்வரை கைபேசியைச் சரிசெய்யுங்கள். தெரிந்துவிட்டால் லென்ஸ் சரியாகச் செங்குத்தாக நிற்கிறது. கண்ணாடியை எடுத்துவிட்டு அட்டையை வையுங்கள். கிட்டே நின்று அகல லென்ஸில் எடுத்தால் ஓரங்கள் வீங்கும். 2 மடங்கு லென்ஸுக்கு மாற்றித் தள்ளி நின்று எடுங்கள்.

பளபளப்புக்கு இரண்டு விளக்குகளை இடமும் வலமும் 45 டிகிரியில் வைப்பது வழக்கம். ஜன்னலை மூடிவிடுங்கள். பகல் வெளிச்சமும் எல்.இ.டி.யும் கலந்தால் ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் மஞ்சளுமாக வரும், பிறகு திருத்தவே முடியாது. 1960-களின் பிரிட்டிஷ் அட்டைகள் பலவற்றில் முன்பக்கம் முழுக்க லேமினேஷன் என்பதால், அவற்றுக்கு லென்ஸின்மேல் போலரைசர் வடிகட்டியும் தேவைப்படலாம்.

சில அட்டைகள் ஸ்கேனருக்கு அடங்கவே அடங்காது. ஐசக் ஹேய்ஸின் 'பிளாக் மோசஸ்' (1971) விரித்தால் சிலுவை வடிவில் 4 அடி உயரம், 3 அடி அகலம். தரையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்து, மேலிருந்து எடுக்க வேண்டியதுதான். மடிப்புகளை எதிர்த்திசையில் அழுத்தித் தட்டையாக்க முயலாதீர்கள், மை பிளந்துகொள்ளும். ஸ்டீவி வொண்டரின் 'டாக்கிங் புக்' (1972) முதல் பதிப்பு அட்டையில் பிரெயில் எழுத்துகள் புடைப்பாக இருக்கும். நேர்வெளிச்சத்தில் அவை மறைந்தேபோகும். ஒரே ஒரு விளக்கை அட்டையின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் அடியுங்கள். ஒவ்வொரு புள்ளியும் நிழலோடு எழுந்து நிற்கும். அந்தப் படத்தைத் தனியாகப் போடுங்கள்.

கேள்வி: '1965 ஒரிஜினல்' என்று போட்ட படத்துக்கு 'மறுபதிப்பு, தூக்குங்கள்' என்று திட்டு விழுந்தது. அட்டையைப் பார்த்தே எப்படிச் சொல்கிறார்கள்? (கோவை வாசகர்)

பதில்: முகப்பை வைத்துச் சொல்வதில்லை. முகப்பு மறுபதிப்பிலும் அதேதான். துப்பெல்லாம் பின்னட்டையிலும் முதுகிலும் லேபிளிலும் (தட்டின் நடுவே உள்ள வட்டச் சீட்டு) இருக்கிறது.

பார்கோடு இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, 1970-களின் கடைசிக்கு முந்தைய பதிப்பாக அது இருக்காது. வட்டத்துக்குள் 'பி' எழுத்து ஒலிப்பதிவு உரிமைக் குறி. அமெரிக்கத் தட்டுகளில் அது 1970-களின் தொடக்கத்தில்தான் வந்தது, 1965 அட்டையில் இருந்தால் பிற்காலத்தது. முகவரியில் 5 இலக்க ஜிப் எண் இருந்தால் 1963 ஜூலைக்குப் பிந்தைய அச்சு, அந்த முறையே அப்போதுதான் அறிமுகமானது.

லேபிள் இன்னும் நேர்மையானது. அட்லான்டிக் நிறுவனத்தின் எல்.பி.யில் '1841 பிராட்வே' என்ற முகவரி இருந்தால் 1960-களின் கடைசியிலிருந்து 70-களின் நடுப்பகுதி வரை. '75 ராக்ஃபெல்லர் பிளாஸா' என்றிருந்தால் அதற்கும் பின்னால். ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் வெளிர்நீல லேபிளில் அடுக்கிய தட்டுகள் இருந்தால் அட்லான்டிக் விநியோகித்த காலம். மஞ்சள் லேபிளில் விரல் சொடுக்கும் கை இருந்தால் 1968-இல் அந்த உறவு முறிந்த பிறகு. முறிந்தபோது, அதுவரை அட்லான்டிக் விநியோகித்த பதிவுகளின் மூலங்கள் ஸ்டாக்ஸ் கையைவிட்டே போயின. அதனால்தான் ஸ்டாக்ஸின் துணை நிறுவனமான வோல்ட்டில் வந்த, பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் எல்.பி.க்களின் மறுபதிப்பு அட்லான்டிக்கின் துணை நிறுவனமான ஆட்கோவில் வந்திருப்பதைப் பார்க்கிறீர்கள். உங்கள் 1965 தட்டு 'ஓட்டிஸ் புளூ'வாக இருந்தால் லேபிளில் வோல்ட் 412 இருக்கிறதா பாருங்கள். ஸ்டீரியோ என்றால் எண்ணுக்கு முன்னால் 'எஸ்' இருக்கும்.

கடைசி சாட்சி, லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வெற்று வளையம். 'டெட் வாக்ஸ்' என்று சேகரிப்பாளர்கள் சொல்வது அதைத்தான். அங்கே கையால் கீறியோ முத்திரை குத்தியோ மேட்ரிக்ஸ் எண் (தட்டை அழுத்திய அச்சின் அடையாள எண்) இருக்கும். ஒரு சிறு முக்கோணமும் பக்கத்தில் எண்ணும் இருந்தால் லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையில் அழுத்தியது. இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால்தான் படமாகும்.

ஆக, ஒரு பதிவுக்குக் குறைந்தது ஐந்து படம்: முகப்பு, பின்னட்டை, முதுகு, இரண்டு லேபிள்கள். கூடவே டெட் வாக்ஸ் எழுத்துகளை எழுத்தாகவே தட்டச்சு செய்துவிடுங்கள். முகப்பு ஒன்றை மட்டும் போட்டு ஆண்டையும் எழுதினால் அது வெறும் கூற்று, யாராலும் சரிபார்க்க முடியாது. திட்டியவர் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் விஷயம் அவர் பக்கம்தான்.

கேள்வி: ஒரே ஆல்பத்தின் மோனோ, ஸ்டீரியோ இரண்டும் இருக்கிறது. ஒன்றில் படம் மேலே வெட்டுப்பட்டிருக்கிறது. அச்சுப்பிழையா, விலை கூடுமா? (சென்னை வாசகர்)

பதில்: பிழையில்லை, சிக்கனம். பல அமெரிக்க நிறுவனங்கள் இரண்டு பதிப்புக்கும் ஒரே தாளை அச்சடித்தன. மேல் ஓரத்தில் ஸ்டீரியோ பட்டை, கீழ் ஓரத்தில் மோனோ எண். தாளை மேலே தள்ளியோ கீழே இறக்கியோ அட்டையில் ஒட்டினால் வேண்டாதது மடிப்புக்குள் போய்விடும், படத்தின் ஒரு கீற்றும் கூடவே போகும். விலை கூடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுங்கள், பார்க்க அழகாக இருக்கும்.

கேள்வி: 'ஓட்டிஸ் புளூ' முகப்பில் ஓட்டிஸ் ரெடிங்கே இல்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி. ஏன்? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: அந்த ஒன்று மட்டுமில்லை. ஐஸ்லி பிரதர்ஸ் குழுவின் 1966 ஆல்பம், டாம்லா நிறுவனம் வெளியிட்ட 'திஸ் ஓல்ட் ஹார்ட் ஆஃப் மைன்' முகப்பில் கடற்கரையில் ஒரு வெள்ளை இளஞ்ஜோடி. மார்வலெட்ஸ் என்ற பெண்கள் குழுவின் 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' (1961) முகப்பில் ஒரு தபால்பெட்டி, அந்தப் பெண்கள் இல்லை. இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த, பிறகும் பழக்கமாக நீடித்த அமெரிக்காவில், கறுப்பர் முகம் போட்ட அட்டையை வெள்ளையர் கடைகள் முன்வரிசையில் வைக்காது என்பது வியாபாரிகளின் கணக்கு. பாட்டு எல்லாருக்கும் வேண்டும், பாடியவர் முகம் வேண்டாம்.

பத்தாண்டுக்குள் அது தலைகீழானது. 1969-இல் ஐசக் ஹேய்ஸின் 'ஹாட் பட்டர்டு சோல்' முகப்பை அவருடைய மொட்டைத் தலையே நிறைத்தது. 1976-இல் மார்வின் கேயின் 'ஐ வான்ட் யூ' முகப்புக்கு எர்னி பார்ன்ஸ் வரைந்த 'தி ஷுகர் ஷாக்' ஓவியம் வந்தது, கறுப்பர்களின் நடனக்கூடம் ஒன்று அப்படியே அட்டைக்கு ஏறியது. நீங்கள் அட்டைகளை அகர வரிசையில் போடுகிறீர்களா? ஆண்டு வரிசையில் போட்டுப் பாருங்கள், விளக்கக் குறிப்பே தேவைப்படாது.

கேள்வி: என்னிடம் இருப்பதெல்லாம் 45 சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறிய தட்டுகள்). வெறும் காகித உறை. இதில் பகிர என்ன இருக்கிறது? (டொராண்டோ வாசகர்)

பதில்: சோல் இசையின் உயிரே 45-இல்தான், எல்.பி. இரண்டாம்பட்சம். அமெரிக்க சிங்கிள்களில் பெரும்பாலானவைக்குப் படம் போட்ட உறை கிடையாது. நடுவில் வட்டமாக வெட்டிய நிறுவன உறைதான். அந்த உறையும் லேபிளும் சேர்ந்ததே முகப்பு: டாம்லாவின் உருண்டை, மோடவுன் லேபிளின் வரைபடத்தில் டெட்ராய்ட்டைக் குறிக்கும் நட்சத்திரம், கார்டி லேபிளின் ஊதா. உறை அந்தத் தட்டோடு வந்ததா, பிறகு யாரோ மாற்றிப் போட்டதா என்று தெரியாவிட்டால் அப்படியே எழுதிவிடுங்கள்.

படமுள்ள உறைதான் வேண்டுமென்றால் பிரான்ஸ் பக்கம் தேடுங்கள். 1960-களில் அங்கே நான்கு பாட்டு கொண்ட இ.பி.தான் சந்தை. அமெரிக்காவில் வெற்றுறையில் வந்த பாட்டுகள் அங்கே வண்ணப்படத்தோடு லேமினேஷன் உறையில் வந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. அமெரிக்க 45-களில் கணிசமானவை வினைல் அல்ல, பாலிஸ்டைரீன். நகத்தால் மெல்லத் தட்டினால் வினைல் மந்தமாக ஒலிக்கும், ஸ்டைரீன் 'டக்'கென்று கண்ணாடிபோல ஒலிக்கும். அதன் லேபிள் அழுத்தும்போதே பதிந்தது அல்ல, பிறகு ஒட்டியது. தட்டைத் தண்ணீரில் முக்கினால் லேபிள் உரிந்து கையோடு வரும். ஆல்கஹாலும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால், லேபிளைத் தொடாமல் துடையுங்கள். தொடக்கத்தில் மட்டும் 'ஸ்ஸ்' என்று இரைந்தால் அது அழுக்கு இல்லை. டி.ஜே.க்கள் ஊசியை முன்னும் பின்னும் ஓட்டிய தேய்மானம், எதற்கும் போகாது.

கேள்வி: மழைக்காலத்தில் அட்டைகளில் வெள்ளைப் பூஞ்சை. கடை ஸ்டிக்கரை எடுக்கப்போய் மையும் சேர்ந்து வந்துவிட்டது. (சென்னை வாசகர்)

பதில்: ஸ்டிக்கருக்கு நகப்பூச்சு நீக்கியைத் தொட்டிருப்பீர்கள். அசிட்டோன் அச்சு மையைக் கரைக்கும். சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவம்தான் பொருத்தம். பஞ்சுக்குச்சியில் நனைத்து ஸ்டிக்கரின் ஓரத்தில் தடவி, அரை நிமிடம் விட்டு, பழைய ஏ.டி.எம். அட்டையால் மெல்ல நெம்புங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ கூடாது. முதலில் அட்டையின் மறைவான மூலையில் சோதியுங்கள். எல்லா ஸ்டிக்கரையும் எடுக்கவும் வேண்டாம். வானொலி நிலையத்தின் முத்திரை, அந்தக் காலக் கடையின் விலைச்சீட்டு ஆகியவை தட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கான அடையாளம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் முன்பே படம் எடுத்துவிடுங்கள்.

பூஞ்சை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் காகிதத்துக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள் என்று பொருள். முகமூடி போட்டுக்கொண்டு, காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காயவிட்டு, மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டிவிடுங்கள். வெயிலில் வைத்தால் தட்டு வளையும், சிவப்பு வெளுக்கும். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் ஒரு சாண் தள்ளி வையுங்கள். தட்டுகள் செங்குத்தாக நிற்கட்டும். மேலுறை பி.வி.சி.யாக இருந்தால் மாற்றுங்கள், நாளடைவில் அது அட்டையிலும் தட்டிலும் ஒட்டிப் படலமாகப் படியும். பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் நல்லது. கடையில் சுற்றிவந்த ஷ்ரிங்க் உறையைப் பெருமைக்காக வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெப்பத்தில் அது சுருங்கி, அட்டையோடு தட்டையும் வளைத்துவிடும்.

கேள்வி: 'வி.ஜி.' என்றார்கள், வெரி குட் என்று நினைத்து வாங்கினேன். ஒரே கரகர. (சேலம் வாசகர்)

பதில்: இந்தத் தொழிலில் 'குட்' என்றால் மோசம். அமெரிக்க இதழான கோல்ட்மைனின் தர வரிசையில் மின்ட், நியர் மின்ட், வி.ஜி. பிளஸ், வி.ஜி., அதற்கும் கீழேதான் குட். நிம்மதியாகக் கேட்க வி.ஜி. பிளஸ். பிரிட்டனில் 'இ.எக்ஸ்.' (எக்ஸலன்ட்) என்பது ஏறக்குறைய அதே தரம். தட்டுக்கும் அட்டைக்கும் தனித்தனித் தரம் உண்டு, எது முதலில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். அட்டையின் மூலை வெட்டியிருந்தாலோ ஓரத்தில் ரம்பக் கீறல் இருந்தாலோ அது சேதமில்லை, தள்ளுபடியில் விற்ற மிச்ச சரக்கின் அடையாளம். அனுப்புகிறவரிடம் தட்டை அட்டைக்கு வெளியே வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளே வைத்து அனுப்பினால் வழியில் தட்டின் விளிம்பு அட்டையின் ஒட்டிய ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வரும்.

கேள்வி: நார்தர்ன் சோல் 45 ஒன்று மலிவாக வருகிறது. போலியா என்று எப்படிப் பார்ப்பது? (லண்டன் வாசகர்)

பதில்: மலிவு என்பதே முதல் அறிகுறி. 1973 முதல் 1981 வரை விகன் கேசினோ போன்ற இங்கிலாந்து நடனக்கூடங்களில் ஆடியவர்கள் தேடியது, அமெரிக்காவில் விற்காமல் போன தட்டுகளை. அவற்றைத்தான் நார்தர்ன் சோல் என்கிறார்கள். போட்டி டி.ஜே.க்களுக்குத் தெரியாமலிருக்க லேபிளின்மேல் காகிதம் ஒட்டி, பொய்ப்பெயர் எழுதிச் சுழற்றினார்கள். தேவை கூடியதும் போலிகளும் கூடின. பாடகர் ஃபிராங்க் வில்சனின் 1965 சிங்கிளின் அசல் பிரதி 2009-இல் 25,742 பவுண்டுக்குப் போனது, அப்போது இரண்டு பிரதிகள்தான் அறியப்பட்டிருந்தன.

லேபிளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அசலில் எழுத்தின் ஓரம் கோடாக இருக்கும். அசலைப் படமெடுத்து அச்சிட்ட போலியில் எழுத்தே புள்ளிகளாகச் சிதறும். பிறகு டெட் வாக்ஸை, சரிபார்த்த பிரதி ஒன்றின் படத்தோடு ஒப்பிடுங்கள்: அசலில் முத்திரை என்றால் இதிலும் முத்திரையா, ஸ்டைரீன் என்றால் இதுவும் ஸ்டைரீனா? விற்பவர் டெட் வாக்ஸ் படம் தர மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். நீங்கள் லேபிள் படத்தைத் தெளிவாகப் போட்டு வைப்பது இன்னொருவரைக் காப்பாற்றும்.

கேள்வி: அட்டைப்படத்தைப் போடுவது சட்டப்படி சரியா? என் பெயரை வாட்டர்மார்க்காகப் போடலாமா? (பெங்களூரு வாசகர்)

பதில்: தட்டு உங்களுடையது, படத்தின் உரிமை உங்களுடையதல்ல. அமெரிக்காவில் 1964 முதல் 1977 வரை உரிமைக்குறிப்போடு வெளியானவற்றுக்கு 95 ஆண்டுப் பாதுகாப்பு. அந்தக் குறிப்பே இல்லாமல் 1978-க்கு முன் அங்கே வெளியான அட்டைகள் பொதுவுடைமை. பின்னட்டையைப் படமெடுக்க இதுவும் ஒரு காரணம். இந்தியச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் நியாயமாகப் பயன்படுத்த இடம் தருகிறது. ஆகவே அட்டையைப் பற்றி நாலு வரி எழுதி, சிறிய அளவில் போடுங்கள். 600 டி.பி.ஐ. கோப்பை யாருக்கும் பதிவிறக்கக் கொடுக்காதீர்கள், அதை வைத்து போஸ்டரோ டி-ஷர்ட்டோ அடித்தால் வம்பு உங்களிடமும் வரும். புகைப்படக்காரர், வடிவமைப்பாளர் பெயர் பின்னட்டையில் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

வாட்டர்மார்க் வேண்டாம். அடுத்தவர் வரைந்த படத்தின் நடுவே நம் பெயரைப் போடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

கேள்வி: கிழிசலையும் கறையையும் மென்பொருளில் அழித்துப் புத்தம்புதிதாக ஆக்கிப் போடுகிறேன். எல்லாரும் பாராட்டுகிறார்கள். சரிதானே? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: போஸ்டருக்குச் சரி. ஆவணத்துக்குச் சரியில்லை. தூசியையும் ஸ்கேனர் கண்ணாடியின் ரேகையையும் அழியுங்கள், அவை அட்டையில் இல்லாதவை. வட்டத் தேய்மானம், பேனாவில் எழுதிய யாரோ ஒருவரின் பெயர், ஓரக் கிழிசல் எல்லாம் அட்டையில் இருப்பவை. அழிக்கத்தான் வேண்டுமென்றால் அசல் படத்தையும் பக்கத்திலேயே போட்டு, எதைத் தொட்டீர்கள் என்று எழுதுங்கள். மங்கிய நிறத்தை ஊகித்து ஏற்றாதீர்கள். உங்கள் படத்தைப் பார்த்து இன்னொருவர் தன் பிரதியை மறுபதிப்பு என்று நினைத்து விற்றுவிடுவார்.